இரண்டாம் தட்டு

காலை ஒன்பது மணிக்கு க்ரோஸ்தானா சின்னச் சுத்தியலால் தட்டைத் தட்டினாள். திரையில் எழும்பிய கோடு நூற்று நாற்பத்தொன்றில் நின்றது. போல்ட்டுகளை முறுக்கிவிட்டு மறுபடி தட்டினாள். நூற்று நாற்பத்தொன்று. கும்பிடாத குறையாக மூன்றாம் முறையும் தட்டினாள். அது பேச்சை மாற்றுவதாக இல்லை.

விஷயம் இதுதான். வெறும் பிசின் தட்டு நொடிக்கு நூற்று நாற்பது அதிர்வில் விழித்துக்கொண்டு துள்ளும். கார்பன் நுண்குழாய் கலந்தால் விறைப்பு கூடும், நூற்று எண்பத்து மூன்றுவரை தூங்கும் என்று ஆறு வருஷம் கணக்குப் போட்டு இருநூற்றுப் பத்துப் பக்கம் எழுதியிருந்தாள். அந்தக் குழாய் எவ்வளவு மெல்லிசு என்றால், ஒரு தலைமயிரை ஐம்பதாயிரமாக வகிர்ந்து அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வகிர்வதற்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். பதினோரு மணிக்குப் பெல்கிரேடிலிருந்து வரும் மூன்று பேராசிரியர்கள் இதைக் கண்ணால் பார்த்துத் திருப்திப்பட்டால் பட்டம், நிரந்தர வேலை. இல்லாவிட்டால் நாற்பத்திரண்டு வயதில் மாமியாரின் ரொட்டிக் கடைக் கல்லா. மாமியார் அந்த நாற்காலியை ஆறு வருஷமாகத் துடைத்து வைத்திருந்தார்.

பட்டறைக்காரர் திகோமிர் உள்ளே வந்தார். அவர் பற்றவைத்த டிராக்டர் ஒருமுறை மலைச்சரிவில் உருண்டு தூள்தூளாகி, அவர் ஒட்டுப்போட்ட இடம் மட்டும் முழுசாக நின்றது என்று சொல்வார். ஊரே நம்பியது. டிராக்டர்காரன் ஒருவன்தான் மறுத்தான்.

"என்ன டாக்டரம்மா, மொகம் ஊறவச்ச கோஸ் மாதிரி இருக்கு?"

"இன்னும் டாக்டராகல மேஸ்திரி. ஆகவும் மாட்டேன் போல. குழாயப் போட்டுத்தானே வார்த்தீங்க?"

"என் கையால போட்டேன். மூணு தட்டு. ஒண்ணு வெறுந்தட்டு, அடுத்தது நல்லது, கடைசி ஒண்ணு குழாயெல்லாம் கட்டிதட்டிக் கெட்டது."

"அலமாரியில ரெண்டுதானே இருந்துச்சு. A, B."

திகோமிர் குனிந்து, தட்டின் மூலையில் தான் போட்ட சுண்ணக்கட்டிக் குறியைப் பார்த்தார். "நான் எங்கம்மா B போட்டேன்? இது 'வ'. அ, ப, வ. பள்ளிக்கூடம் போனீங்களா இல்லையா?"

செர்பியாவில் பேச்சு ஒன்று, எழுத்து இரண்டு. க்ரோஸ்தானா லத்தீனில் எழுதுவாள். திகோமிர் சிரில் எழுத்தைத் தவிர வேறெதையும் பேனாவில் அண்டவிடமாட்டார். லத்தீனின் B-யும் சிரிலில் மூன்றாவதாக வரும் 'வ'வும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். இரண்டாம் தட்டு என்று நினைத்து அவள் மூன்றாவதைப் பூட்டியிருந்தாள். ஒரு கணம் மூச்சு வந்தது.

"அப்ப 'ப' எங்க?"

திகோமிர் மூக்கைச் சொறிந்தார். "கோவிச்சுக்கக் கூடாது. போன பண்டிகையப்போ ஆபீஸ் காபித் தட்டு உடைஞ்சுபோச்சு. இது லேசா, கருப்பா, லட்சணமா இருந்துச்சா... துறைத் தலைவரம்மாவுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு."

"எத்தனை நாளா?"

"நாலு மாசம் இருக்கும்."

நாலு மாசம், தினம் ஆறு தடவை, அடுப்பிலிருந்து இறக்கிய செப்புக் குவளை. சூடு பட்டால் பிசின் எப்படித் தளரும் என்று அவளே பதினெட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். படிகளில் ஓடும்போது அதில் ஒவ்வொரு பக்கமும் ஞாபகம் வந்தது.

மேலே, பேராசிரியர்கள் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவே கருப்புத் தட்டு. அதன்மேல் மூன்று காபி, சர்க்கரைக் கிண்ணம், செப்புக் குவளை.

"வாம்மா, நீயும் ஒரு காபி சாப்பிடு" என்றார் துறைத் தலைவி.

"தட்டு வேணும்."

"பொறு, ஐயா இன்னும் குடிச்சு முடிக்கல."

ஐயா என்பது ஒப்ராத், மூவரில் மூத்தவர். அவர் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் ஓர் ஆட்சி கவிழ்ந்ததாகச் சொல்வார்கள். இரண்டு என்பாரும் உண்டு.

"ஏதோ தட்டு காட்டப் போறியாமே. எங்க அது?" என்றார் அவர்.

"அதுமேலதான் ஐயா உங்க சர்க்கரை இருக்கு."

ஒப்ராத் குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. தன் கோப்பையை எடுத்து மேஜையில் வைத்தார்.

கீழே திகோமிர்தான் போல்ட்டுகளைப் பூட்டினார். தட்டின் நடுவில் குவளை விட்ட வெளிறிய வட்டம். சுற்றிலும் சிந்திய சர்க்கரையை அவள் துடைக்கப் போனாள்.

"இருக்கட்டும்" என்றார் ஒப்ராத். "எப்பத் துள்ளுதுன்னு என் கண்ணாலயே பாத்துக்கறேன். உன் திரை வேண்டாம்."

அவள் அதிர்கருவியின் திருகைத் திருப்பினாள். தட்டு உறுமத் தொடங்கியது. நூற்று இருபது. நூற்று நாற்பது; சர்க்கரை அசையவில்லை. திகோமிர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நூற்று அறுபது. மூன்று வழுக்கைத் தலைகளும் தட்டுக்கு மேலே கூடின. அவளுக்குப் பார்க்க இடமில்லை. தோள்களின் இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

நூற்று எழுபத்தைந்து; அவள் எழுதிய எண்ணுக்கு இன்னும் எட்டு இருந்தது. வெளிறிய வட்டத்தின் விளிம்பில் ஒரே ஒரு சர்க்கரை மணி புரண்டு படுத்தது.