பலகையில் சிரித்த மாமனார்

"உண்மையைச் சொல்லு. பாப்பாவுக்கு ஊசி போட்டுட்டியா?"

மாமனார் மருமகளைப் பார்த்துக் கத்தினார். குழந்தையின் நெற்றியில் அவர் வைத்த கரண்டி விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. தடுப்பூசி போட்டால் உடம்பில் காந்தம் ஏறிவிடும் என்று கைப்பேசியில் வந்த குரல்பதிவு சொல்லியிருந்தது.

"வாழைப்பழம் மாமா. மூஞ்சி பூரா அப்பிக்கிட்டிருக்கா."

பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த மருமகள் எழுந்து வந்து, ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்தாள். அவர் மறுபடி வைத்துப் பார்த்தார். கரண்டி ணங்கென்று தரையில் விழுந்தது. போன உயிர் திரும்பி வந்தது போல் நாற்காலியில் சாய்ந்தார்.

"பக்கத்துத் தெருவுல தட்டம்மை மாமா. ஒரு குழந்தைய ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. பெரியவனுக்கு மட்டும் எல்லா ஊசியும் போட்டோமே?"

"அவன் ஆம்பளப் பய. இது நாளைக்கு இன்னொரு வீட்டுக்கு வாழப் போற பொண்ணு. ஊசி போட்டா பிள்ளையே பிறக்காதாம். அப்புறம் எவன் கட்டிப்பான்?"

கல்யாணத்துக்கு ஆபத்து வந்திருந்த அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் முன்பல் முளைத்துக்கொண்டிருந்தது.

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் தன் செருப்பிலிருந்து இல்லாத கல்லைத் தட்டிக்கொண்டிருந்தான். "அப்பா சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்," என்று செருப்பிடமே சொன்னான். மாமியார் அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. இந்த மாதிரிப் பேச்சுகளுக்கு அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

இதில் பெரிய வேடிக்கை தெருமுனையில் இருந்தது. வதந்திகளை எதிர்த்து அரசாங்கம் வைத்திருந்த விளம்பரப் பலகையில் சிரித்தவர் இதே மாமனார்தான். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர். முப்பத்திரண்டு பல்லும் விழாமல் இருந்தன. சுகாதாரத் துறைக்காரர்கள் அந்தப் பல்வரிசையைப் பார்த்துத்தான் அவரைப் பிடித்தார்கள். 'வதந்தியை நம்பாதீர்!' என்று மார்புக்குக் கீழே எழுதியிருந்தது. அவர் அதுவரை படித்ததில்லை. தன் முகத்தைத் தாண்டிப் பார்வை இறங்கினால்தானே! மாலைதோறும் அந்தப் பலகைக்கு அடியிலேயே உட்கார்ந்து, கரண்டி வதந்தியைத் தெருவுக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் சுகாதாரத் துறை அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், அடுத்த பலகை பேருந்து நிலையத்துல. இதைவிட ரெண்டு மடங்கு பெரிசு. உங்க பேத்திக்கு ஊசி போடறதையே படம் எடுத்துடலாம்."

"பேஷா!" என்றுவிட்டார் மாமனார். 'ரெண்டு மடங்கு' என்பதற்குப் பிறகு வந்த எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

படக்காரர்கள் வந்து விளக்கைப் போட்டபோதுதான் விஷயம் உறைத்தது. மடியில் பேத்தி. எதிரே செவிலி, கையில் ஊசி. அவர் குனிந்து கிசுகிசுத்தார்: "அம்மா, குத்தற மாதிரி நடிச்சிடுங்க. நானும் நல்லா நடிப்பேன்."

"எனக்கு நடிக்க வராது, ஐயா," என்ற செவிலி மருமகள் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே அம்மா? நீங்க சொல்லுங்க. போடலாமா?"

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இப்படி ஒரு கேள்வியை யாரும் மருமகளிடம் கேட்டதில்லை. மாமனார் கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்றார். ஆனால் வாயால் சொல்ல முடியவில்லை. படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், சிரித்தாக வேண்டும்.

"போடுங்க," என்றாள். குழந்தையின் காலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தை வீறிட்டது, அம்மா தோளில் போட்டுத் தட்டியதும் அடங்கிவிட்டது. மாமனார்தான் அடங்கவில்லை. முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தபடியே கண்ணீரைப் பொலபொலவென்று கொட்டினார்.

"அடடா, அந்தக் கண்ணீர், சார்! யாருக்கு வரும்!" என்று படக்காரர் சொக்கிப்போனார்.

புதுப் பலகை வந்தது. 'பேத்தியைக் காத்த பெருந்தகை' என்று கொட்டை எழுத்து. படத்திலிருந்து மருமகளை வெட்டிவிட்டிருந்தார்கள், குழந்தையின் கால் பக்கத்தில் அவளுடைய நான்கு விரல்கள் மட்டும் மிச்சம். கணவன் அதைப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா எவ்வளவு தைரியசாலி பாரு," என்றான். அவள் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே சிரித்தாள்.

அடுத்த ஊசிக்கு நாள் வந்தது. மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் மாமனார்.

"பாப்பாவுக்கு ஊசி."

அவர் தலைமுடியைக் கோதிக்கொண்டார். "படம் எடுக்கறவங்க வர்றாங்களா?"

"இல்ல மாமா."

"அப்ப என்னைக் கேட்டியா?"

"கேக்கல மாமா."

அவர் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து மாமியார் வெளியே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மருமகளிடம் சொன்னாள்:

"கொஞ்சம் இரு, நானும் வர்றேன். எங்க வயசுக்காரங்களுக்கும் ஏதோ ஊசி இருக்காமே."