ஒருபொழுதுக்கு ஒரு மாத்திரை

"இது என்னதுங்க?"

"மாத்திரை."

"அது எனக்குத் தெரியாதா? இன்னைக்கோட தீந்திருக்கணுமே. ஏன் பத்தொம்பது மிச்சம் கெடக்கு?"

என் வீட்டுக்காரர் ராஜதுரை கழுத்து மாலையைச் சரிசெய்தார். இரண்டு மாதத்துக்கு முன்பு, தூத்துக்குடியில் எங்கள் கடைவாசலில் கருப்பட்டிச் சிப்பம் இறக்கும்போது அவருக்கு அட்டாக் வந்தது. ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் சொன்னார்: "அடைப்பை எடுத்தாச்சு. இனிமே ஸ்டென்ட்ல ரத்தம் உறையாம காக்கப்போறது இந்த மாத்திரைதான். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்குப் பிறகு. ஒரு வேளைகூட விட்டுறாதீங்க."

"நான் தினமும் போடத்தான செய்தேன்," என்றார் இவர்.

"எத்தனை?"

"ஒண்ணு."

"ரெண்டுல்லா சொன்னாரு!"

"ஏளா பகவதி, சாப்பாட்டுக்குப் பிறகுன்னும் சொன்னாருல்லா? மாலை போட்டதுல இருந்து மத்தியானம் ஒருபொழுதுதான் சாப்பிடுதேன். ஒரு சாப்பாட்டுக்கு ஒரு மாத்திரை. வெறும் வயித்துல போட்டு வேற கோளாறு வந்துட்டா?"

அந்த மாலையைப் போட வைத்தவளே நான்தான். அவரை ஆஞ்சியோ அறைக்குள் தள்ளிக்கொண்டு போன அன்று, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நேர்ந்துகொண்டேன்: "முத்தாரம்மா, இவர உயிரோட குடு. தசராவுக்குக் குலசையில உன் கோயிலுக்கு வந்து காளி வேஷம் கட்டுவாரு." அவர் உயிருக்காக நேர்ந்த விரதம், பத்தொன்பது நாளாக அவர் மருந்தில் பாதியைத் தின்றிருக்கிறது.

"ஏன் தோளத் தேய்க்கிய?"

"ஒண்ணுமில்ல. சிப்பத்த நகட்டுனேன்."

"அன்னைக்கும் இதத்தான் சொன்னிய."

அவர் கை அப்படியே நின்றது. நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது.

"புழுக்கமா இருக்குல்லா," என்றார். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆட்டோ கூப்பிடுதேன். எந்திரிங்க."

"விட்டதுல ரெண்டு மூணச் சேத்து இப்பமே போட்டுக்கிடட்டுமா?"

கொடுக்கவும் பயம், கொடுக்காமல் இருக்கவும் பயம். மாத்திரை அட்டையை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஆட்டோவில் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி வந்தேன். நாடி பார்க்க எனக்குத் தெரியாது. துடிக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிளாரன்ஸ் சட்டையைக் கழற்றச் சொன்னாள்.

"மாலையக் கழத்தச் சொன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்," என்றார் இவர்.

"யாரு கழத்தச் சொன்னா? எங்க மாதா கோயில் திருவிழாவுக்கு வருசா வருசம் வாரீய, உங்க அம்மன நான் கழத்துவனா? ஒதுக்கிட்டுப் பேசாமப் படுங்க அண்ணாச்சி."

ஈசிஜி தாள் நீண்டு நீண்டு வந்தது. டாக்டர் அதைப் பழைய தாளோடு வைத்துப் பார்த்தார். பிறகு நான் நீட்டிய மாத்திரை அட்டையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஈசிஜி பழையபடிதான் இருக்கு. ஆனா அத வச்சு மட்டும் சொல்ல முடியாது. ரத்தம் எடுத்திருக்கோம். மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை எடுக்கணும்."

"அதுவரைக்கும்?"

"இங்கேயே இருங்க."

அந்த மூன்று மணி நேரம் திரையில் ஓடிய பச்சைக் கோட்டை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

"ஏளா."

"என்னங்க? வலிக்கா?"

"இல்ல. காளி வேஷத்துக்கு நாக்கு செஞ்சு வாங்கி வச்சிருக்கேன். வீணாப் போயிருமோன்னு யோசிக்கேன்."

"வாய மூடுங்க."

"மூடிட்டா நாக்க எங்கன மாட்ட?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். "ரெண்டாவது ரத்தத்திலயும் ஒண்ணும் இல்ல. தசைவலிதான். இந்தத் தடவ தப்பிச்சீங்க. ஸ்டென்ட் அடைச்சிருந்தா வீட்ல பேசிக்கிட்டு இருக்கக்கூட நேரம் இருந்திருக்காது."

"விட்ட மாத்திரையச் சேத்துப் போடலாமா டாக்டர்?"

"கூடவே கூடாது. அதது அந்தந்த நேரத்துக்கு ஒண்ணுதான்."

"விரதம்..."

"இந்த மாத்திரைக்குச் சாப்பாடு கட்டாயமில்லம்மா. தண்ணி போதும். நேரம் மறக்காம இருக்கத்தான் சாப்பாட்டுக்குப் பிறகுன்னு சொன்னேன். உங்க விரதத்த நான் கேட்டிருக்கணும், நீங்களும் சொல்லியிருக்கணும். காலையில எட்டு, ராத்திரி எட்டு. மறந்துறாதீங்க."

தண்ணீர் போதும். அம்மன் தண்ணீரை எப்போது வேண்டாம் என்றாள்?

அன்று ராத்திரி எட்டு மணிக்கு, வீட்டில் தண்ணீர்ச் செம்போடு அவர் முன்னால் நின்றேன். விழுங்கினார்.

"நாக்க நீட்டுங்க."

"என்னளா, நான் என்ன பச்சப்பிள்ளையா?"

"நீட்டுங்கன்னு சொல்லுதேன்."

கண்ணை உருட்டி, காளி மாதிரியே நீட்டிக் காட்டினார். நான் விளக்கைப் பிடித்து நாக்குக்கு அடியிலும் பார்த்தேன். பிறகு காதை அவர் நெஞ்சில் வைத்தேன்.

"என்ன கேக்கு?"

"பேசாதிய," என்றேன். "இன்னும் கொஞ்சம் கேட்டுக்கிடுதேன்."