தொட்டி உறைந்த காலை

காலை ஐந்தே முக்காலுக்கு வெண்டல் எழுந்து குழாயைத் திறந்தான். காற்று இருமியது. தண்ணீர் வரவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் இது மூன்றாவது முறை. போன முறை உறைந்தபோதே மனைவி மார்லா சொல்லிவிட்டாள்: இன்னொரு தடவை பனியை அள்ளிவந்து உருக்கிப் பாத்திரம் கழுவ மாட்டேன், அரிசோனாவில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று. சொன்னதைச் செய்கிறவள்.

அதற்குப் பிறகு அவன் சும்மா இருக்கவில்லை. காற்று புகாமல், அவர்கள் குடியிருந்த கேரவன் வண்டியைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கினான். தண்ணீர்க் குழாய் நெடுகச் சூடேறும் கம்பியைச் சுற்றி, மேலே பஞ்சுறை மாட்டினான். எண்ணெய்க் கிணற்றில் வேலை முடிந்து வந்ததும் பனியில் குப்புறப் படுத்து, வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பான்.

"அந்தக் குழாய்க்குப் போத்திவிட்டதுல பாதி எனக்குப் போத்தியிருக்கலாம்" என்றாள் ஒருநாள். கேஸ் தீர்ந்துவிடும் என்று அவன் ஹீட்டரைக் கூட்டி வைக்க விடுவதில்லை. அவள் கோட்டும் கம்பளித் தொப்பியுமாகச் சமைத்தாள். தூங்கும்போதும் அவற்றைக் கழற்றுவதில்லை.

அந்தச் சொல் அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று டவுனிலிருந்து சின்ன கரண்ட் ஹீட்டர் ஒன்றை வாங்கிவந்து அவள் கால்மாட்டில் வைத்தான். இரவு அவள் தொப்பி இல்லாமல் தூங்கினாள். அவளுக்குத் தலைமுடி இவ்வளவு நரைத்திருந்தது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெளியே மைனஸ் முப்பது. சூடேறும் கம்பியைத் தொட்டுப் பார்த்தான். அது சூடாகத்தான் இருந்தது. பக்கத்து வண்டி ஆர்வின் காபிக் குவளையோடு வந்து நின்றான்.

"ராத்திரி உங்க கேஸ் ஹீட்டர் சத்தமே கேக்கலையே?"

"கரண்ட் ஹீட்டர் போட்டோம். உள்ள நல்ல சூடு."

ஆர்வின் சிரித்தான். "அட மடையா! உள்ள சூடா இருந்தா கேஸ் ஹீட்டர் தானா நின்னுடும். அது ஓடுனாத்தான் வண்டித் தரைக்கு அடியில இருக்குற தண்ணித் தொட்டிக்குச் சூடு போகும். பொண்டாட்டியக் குளுகுளுன்னு விட்டிருந்தா தொட்டி தப்பிச்சிருக்கும். புது மாப்பிள்ளைங்கதான் இப்படி மாட்டுவாங்க. உனக்கென்னடா வந்துச்சு, இந்த வயசுல?"

வெண்டல் உள்ளே போனான். மார்லா படுக்கையில் உட்கார்ந்து ஹீட்டருக்கு நேரே கைகளை நீட்டியிருந்தாள். அவன் குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். கேஸ் ஹீட்டரை முழுதாகக் கூட்டினான். உள்ளே சூடேறி அது நின்றுவிடக் கூடாதே என்று கதவையும் இரண்டு ஜன்னல்களையும் திறந்து வைத்தான்.

"என்ன பண்ற?"

"கொஞ்சம் பொறுத்துக்கோ. தொட்டி இளகணும்."

"கதவ மூடு, வெண்டல்."

"மூடுனா ஹீட்டர் நின்னுடும்."

"நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

"தெரியுது. கோட்டைப் போட்டுக்கோ."

அவள் கோட்டைப் போட்டுக்கொண்டாள். தொப்பியையும் எடுத்து மாட்டினாள்.

அவன் வண்டிக்கு அடியில் ஊர்ந்து, அவளுடைய ஹேர் டிரையரைக் குழாய் மூட்டில் காட்டியபடி கிடந்தான். தலைக்கு மேலே அவள் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. அவன் காது கொடுக்கவில்லை. குழாய்க்குள் ஏதாவது நகர்கிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

மதியம் நெருங்கும்போது குழாய்க்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. வெண்டல் முழங்கையை இடித்துக்கொண்டு வெளியே வந்து, உள்ளே ஓடிக் குழாயைத் திறந்தான். பனித் துணுக்குகள் விழுந்தன. பிறகு தண்ணீர். கையை அதில் வைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தான்.

திரும்பிப் பார்த்தான். படுக்கை மடித்து வைக்கப்பட்டிருந்தது. திறந்திருந்த கதவுக்கு வெளியே ஆர்வினின் பிக்கப் வண்டி புகைவிட்டபடி நின்றது. மார்லா பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு, கோட்டின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தண்ணிதான் வந்துடுச்சே மார்லா, இன்னும் எதுக்குப் பெட்டி?"