மாலை கழற்ற ஒரு விளக்கு

அன்று கழுகுமலை மடத்தில் இருந்தவர்கள்: பூவனநாதனாகிய நான், என் மனைவி கோமதியம்மாள், மருமகள் காளீஸ்வரி, அவள் இடுப்பில் என் பேத்தி, மடத்தைக் கவனித்துவந்த தவசி, பக்தர்களுக்கு மோர் கொடுத்த அண்டாவை எடுத்துப்போக வந்த பிச்சை முகம்மது. வேறு யாரும் இல்லை. கயத்தாற்றில் உட்கார்ந்துகொண்டு கண்ணால் பார்த்தது போலப் பேசுகிறவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அது 1992 பங்குனி. இலங்கை மலைத்தோட்டத்தில் என் அப்பா பெரிய கங்காணி. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் யாருக்கு எந்த அறை என்று ஒதுக்கிக் கொடுத்தவர் அவர். கலவரத்தில் அங்கிருந்து கிளம்பி மன்னாருக்கு வந்தோம். என் மகன் எங்களைப் படகில் ஏற்றிவிட்டுக் கரையில் நின்றான். பிறகு அவனைப் பற்றித் தகவல் இல்லை. இந்தியக் கரையில் இறங்கியதும் அகதி முகாமில் வரிசையில் நின்று அரிசி வாங்க எனக்கு மனம் வரவில்லை. பூர்வீக ஊர் இருக்கிறதே என்று கயத்தாற்றுக்கு வந்தேன்.

பெரியப்பா பேரன் சுந்தரபாண்டியன் வாசலிலேயே நிறுத்தினான். "எப்பக் கெளம்புதீய?" என்றுதான் முதலில் கேட்டான்.

"கழுகுமலைக்கு நடந்து போகிறோம். வழியில் உன்னைப் பார்த்துவிட்டுப் போக வந்தோம்" என்றேன்.

சொன்ன சொல் பொய்யாகக் கூடாது. அடுத்த கோயிலிலேயே நாங்கள் மூவரும் மாலை போட்டுக்கொண்டோம். விரத நாள் போதாதுதான். அதற்கு முன்பு கிடந்த பட்டினியை முருகன் கணக்கில் சேர்த்துக்கொள்வான் என்றாள் கோமதியம்மாள்.

கரிசல் வழியெல்லாம் காவடிக் கூட்டம். நடந்துபோகும் பக்தரை எந்த ஊரும் யார் எவர் என்று கேட்பதில்லை. இலை போட்டுச் சோறு வைக்கும், படுக்க இடம் தரும். இந்த மண்ணில் எங்களை 'சாமி' என்று கூப்பிட்டது அந்தச் சில நாட்கள்தான்.

உத்திரம் முடிந்தது. தேர் நிலைக்கு வந்தது. கூட்டம் பஸ் ஏறிப் போய்விட்டது. மடத்தில் அடுப்புக்கல் ஆறிக் கிடந்தது. அத்தனை பேர் படுத்திருந்த கூடத்தில் பேத்தி இருமினால் சுவர் திரும்ப இருமியது. வெளியே பருத்திமார் பிடுங்கிய நிலம் வெடித்துக் கிடந்தது. சங்கரன்கோவில் பஸ் வரும், நிற்கும், போகும். யாரும் இறங்கவில்லை. நாங்கள் மாலையோடு உட்கார்ந்திருந்தோம். கழற்றிவிட்டால் நாங்கள் பக்தர்கள் இல்லை. மடத்தில் இருக்க உரிமையும் இல்லை.

தவசி பூட்டும் சாவியுமாக வந்தார். திருவிழா முடிந்தால் மடத்தைப் பூட்டுவது வழக்கம்.

"அண்ணாச்சி, முருகனே தேரை விட்டு எறங்கி உறங்கப் போயிட்டாரு. நீங்க இன்னும் மாலையோட இருக்கீய."

அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்த பிச்சை முகம்மது சிரித்தார். "நாங்களும் நோன்புலதான் இருக்கோம். பெறை தெரிஞ்சா விட்ருவோம். அண்ணாச்சி எந்தப் பெறைக்குக் காத்திருக்காவளோ!"

"ஏலே, சும்மா கெட" என்ற தவசி என் பக்கம் திரும்பினார். "வீட்டுக்குப் போயி, வெளக்கு முன்னால கழத்துறதுதான் மொறை. பொறப்படுங்க. நான் பூட்டணும்."

நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். எழுந்தேன். எழுந்தவனுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை.

"எந்த வீட்டுக்கு மாமா போறது?" என்றாள் காளீஸ்வரி.

அவள் என்னைத்தான் கேட்டாள். ஆனால் எல்லோர் காதிலும் விழுந்தது. பிச்சை முகம்மது அண்டாவைக் கீழே வைத்துவிட்டார். என் அப்பா பெயர், தோட்டத்தின் பெயர் எல்லாம் நாக்கு வரை வந்தன. விழுங்கினேன்.

"எங்களுக்கு வீடு இல்லை. இடம் வேண்டும்" என்றேன். வாழ்நாளில் நான் பிறரிடம் கேட்டது அது ஒன்றுதான். நின்றுகொண்டுதான் கேட்டேன்.

தவசி பாத்திரம் அடுக்கும் பின்னறைக்குள் போனார். அண்டாக்களை ஒதுக்கும் சத்தம் கேட்டது. பிச்சை முகம்மதுவும் உள்ளே போய்க் கை கொடுத்தார். பிறகு தவசி ஒரு பித்தளை விளக்கை அந்த அறை மாடத்தில் ஏற்றி வைத்தார்.

"இங்கன வந்து கழத்துங்க" என்றார்.

கோமதியம்மாளுக்கும் காளீஸ்வரிக்கும் நான் கழற்றினேன். எனக்கு மகன் கழற்ற வேண்டும். கோமதியம்மாள் வாசலைப் பார்த்தாள். பிறகு அவளே கழற்றினாள்.

தவசி மடத்துக்காரர்களிடம் பேசினார். பூட்டிக் கிடக்கும் மடத்தில் கூட்டிப் பெருக்கி விளக்கேற்ற ஆள் இருந்தால் நல்லதுதான் என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். பிச்சை முகம்மது சொல்லிவைத்துக் காளீஸ்வரிக்குத் தீப்பெட்டி ஒட்டும் வேலை கிடைத்தது. பேத்தி பள்ளிக்கூடம் போகும் வயதில் கோவில்பட்டியில் வாடகைக்கு வீடு பார்த்தோம். தவசி அந்த விளக்கைக் கொடுத்தனுப்பினார். இன்றும் எரிகிறது. மகன் வரவில்லை.

சோற்றுக்காகப் பக்தர் வேடம் போட்டு மடத்தைப் பிடித்துக்கொண்டோம் என்று சுந்தரபாண்டியன் ஊரெல்லாம் சொல்கிறான். தவறு. மாலை போட்டோம், நடந்தோம், கும்பிட்டோம். அதைக் கழற்ற வீடு இல்லாமல் இருந்தது.