மூன்று பல் குறைந்த சக்கரம்

சாவுக்கென்று தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வெர்லின் பிக்கப்புக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். மேலே, வண்டியின் பின்தட்டில், வைக்கோல் கட்டும் பட்டைகளால் இறுக்கிய சவப்பெட்டிக்குள் அவன் அப்பா செல்மர். சர்ச்சில் பாட்டும் ஜெபமும் முடிந்துவிட்டன. கல்லறைக்குப் புறப்பட வேண்டியதுதான் பாக்கி.

அக்கா ஆர்டிஸ் அவன் காலைத் தன் ஷூவால் தட்டினாள்.

“டேய், ஊரே பாத்துட்டு நிக்குது. பாஸ்டர் கார்ல ஏறி உக்காந்தாச்சு. இப்பவா ரிப்பேரு?”

“அஞ்சு நிமிஷம்.”

“அன்னைக்கும் இப்படித்தான் லேட் பண்ண.”

அவன் ஸ்பேனரை இன்னொரு சுற்று திருகினான். மூன்று நாளாகத் தூக்கமில்லை. வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது.

போன செப்டம்பரில் அப்பாவின் பிறந்தநாளுக்கு இந்த வண்டிக்குப் பெரிய டயர் நான்கு வாங்கி மாட்டியவன் அவன்தான். பெரிய டயர் ஒரு சுற்றுக்கே அதிக தூரம் போய்விடும். ஸ்பீடோமீட்டருக்கு அது எங்கே தெரியும்? பழைய கணக்கிலேயே வேகத்தைக் குறைத்துக் காட்டும். கியர்பெட்டியில் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்றை மாற்றினால் தீர்ந்தது. இருபத்தொரு பல்லுக்குப் பதில் பதினெட்டு. “முள்ளு பொய் சொல்லுதுடா” என்று செல்மர் மூன்று தடவை சொல்லிவிட்டார். வெர்லின் சக்கரத்தை வாங்கியும் வைத்தான். மாட்டுவதற்குத்தான் சோம்பல்; இன்றைக்குத்தான் மாட்டுகிறான்.

திங்கட்கிழமை கிரேட் ஃபால்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்டிஸ் கூப்பிட்டபோது இந்த வண்டியைத்தான் எடுத்துக்கொண்டு ஓடினான். தொண்ணூறு மைல். போலீஸ் பிடித்தால் நேரம் போகுமே என்று முள்ளை எழுபதிலேயே வைத்து நல்ல பிள்ளையாக ஓட்டினான். ஆனாலும் பின்னால் விளக்கு சுழன்றது. எண்பதில் வந்தானாம். அப்பா சாகக் கிடக்கிறார் என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் போலிருந்தது. அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பப் பதினான்கு நிமிடம். அவன் மாடியேறிய நேரத்துக்கு அப்பா போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டுத்தான் கிளம்பியிருப்பான் என்று ஆர்டிஸ் சொந்தக்காரர்களிடம் சொன்னாள். அவன் மறுக்கவில்லை. ஒன்றுதான் மனதை அரித்தது. பிள்ளை வரவில்லை என்று நினைத்துக்கொண்டா அப்பா கண்ணை மூடினார்?

ஆயில் பட்ட சட்டைக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். பக்கத்தில் ஆர்டிஸ். பின்னால் பாஸ்டர் காரோடு சேர்த்து இருபத்துமூன்று வண்டிகள்.

நெடுஞ்சாலைக்கு வந்ததும், “முள்ளு அறுபதுல நிக்குது. அந்த மைல் பலகை வந்ததும் மணியப் பாரு. அடுத்த பலகைக்கு ஒரு நிமிஷம் ஆகணும்” என்றான்.

“இப்பவா?”

“இப்பதான்.”

பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாள். ஆனாலும் மணிக்கட்டைத் திருப்பினாள்.

“அறுபத்தொண்ணு.”

“சரியாத்தான் இருக்கு. அன்னைக்குப் போலீஸ் நிறுத்திட்டான், ஆர்டிஸ். எழுபதுன்னு நெனச்சு எண்பதுல போயிருக்கேன். டயரு நான் போட்டது. இந்தச் சக்கரம் ஆறு மாசமா டேஷ்போர்டு பெட்டியில கெடந்துச்சு.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வயல் ஓரங்களில் பனி இன்னும் அழுக்காகக் கிடந்தது.

“சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?” என்றாள்.

“அப்பா என்னைக் கேட்டாரா?”

“கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“வந்துட்டான், கீழ வண்டிய நிறுத்திட்டிருக்கான்னு சொன்னேன்.”

வெர்லின் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தான். “அதுக்கு?”

“‘மெதுவா வரட்டும். பெரிய டயரு, அந்த எடத்துல திருப்புறது கஷ்டம்’னாரு. அப்புறம் பேசல.”

அவனுக்குக் கண் மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

“அடுத்த பலகை வருது, இன்னொரு மைலும் பாத்துருவோம்” என்றாள் ஆர்டிஸ்.

கல்லறைக்குத் திரும்பும் மண்பாதை வலப்பக்கம் வந்தது. இருவருமே அதைப் பார்த்தார்கள். வெர்லினின் கால் பிரேக்குக்குப் போகவில்லை. ஆர்டிஸ் மறுபடி கடிகாரத்தில் கண்ணை வைத்தாள். பின்னால் பாஸ்டரின் கார் அந்த முனையில் கொஞ்சம் தயங்கிவிட்டு நேரே தொடர்ந்தது. மற்ற இருபத்திரண்டு வண்டிகளும் விளக்கு எரிய அதன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தன.