நாக்கில்லாத தாடைகள்

1

இந்தக் கதை என் அக்காவின் கோபத்திலிருந்து பிறந்தது. அவள் பல் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியை. அங்கே மாணவர்கள் இரண்டு ஆண்டுகள் மெழுகில் பல் செதுக்குவார்கள். பிளாஸ்டர் தாடையில் துளை போடுவார்கள். உயிருள்ள வாயைப் பார்ப்பது மூன்றாம் ஆண்டில்தான். முதல் ஆண்டிலேயே பார்க்கட்டும் என்று புதிய பாடத்திட்டம் எழுதியிருக்கிறாள். கல்லூரியின் பாடத்திட்டக் குழு அதை ஏற்காவிட்டால் பழையபடி மெழுகுதான்.

நான் இப்படித் தொடங்கினேன்:

பனி கொட்டும் மாலையில், ஜன்னலோரம் அவள் தனியாக

(விட்டுவிட்டேன். அக்கா எட்டிப் பார்த்து, "லேப்ல ஃபேனே ஓடல, இவனுக்குப் பனி கொட்டுதாம்!" என்றாள்.)

2

தவறிலிருந்து தொடங்குகிறேன். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், மேல்தாடை பிளாஸ்டரை மேசையில் மல்லாக்க வைத்தே பழகியவன். மல்லாந்த தாடையில் வலது, இடதாகத் தெரியும். அவனுடைய முதல் நோயாளி ஒரு தையல்காரம்மா. வலி வலது பக்கம். அவன் இடது பக்கம் மரத்துப்போக ஊசி போட்டான்.

"தம்பி, வலிக்கிற பக்கம் சும்மா இருக்க, சும்மா இருந்த பக்கத்துக்கு எதுக்குப்பா மருந்து?" என்றார் அந்தம்மா, பாதி வாயால்.

பல் பிடுங்கும் குறட்டை எடுப்பதற்குள் அக்கா ஓடிவந்து தடுத்துவிட்டாள்.

(அவனை மக்காக எழுதினால் சிரிப்பு வரும். ஆனால் மெழுகில் அவன்தான் முதல் மதிப்பெண். சந்தேகம் வந்து அக்காவைக் கேட்டேன். "அவன் ஒழுங்காத்தான்டா படிச்சான். நாங்க சொல்லிக்கொடுத்ததை அப்படியே செஞ்சிட்டான்.")

3

இனி துறைத்தலைவர். மாணவர்கள் வைத்த பெயர் மெழுகுவர்த்தி. அவரை வில்லனாக்கி ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். அவர் செதுக்கும் கடைவாய்ப்பல் விரலைக் கடித்துவிடுமோ என்றிருக்கும். அப்படிப்பட்ட கை மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

குழுக் கூட்டத்தில் அவர் சொன்னார்: "கை பழகாத பிள்ளைங்கம்மா. அதுங்ககிட்ட யாரு வாயைத் திறந்து காட்டுவா?"

"நான் காட்டுறேன் சார்."

அக்கா எழுந்துபோய்ப் பக்கத்து அறையின் சிகிச்சை நாற்காலியில் சாய்ந்தாள். குழு மொத்தமும் பின்னால் வந்தது. முதலாண்டு மாணவி ஒருத்தியை அழைத்தார்கள். வாய்க் கண்ணாடியை உள்ளே விட்டவள் மிரண்டாள்.

"சார், நாக்கு குறுக்க குறுக்க வருது!"

பிளாஸ்டருக்கு ஏது நாக்கு?

"கண்ணாடியாலேயே ஒதுக்கும்மா. அழுத்தாத... ஆங், அப்படித்தான். இப்ப பின்பல்லைப் பாரு," என்றார் துறைத்தலைவர்.

சொன்ன பிறகுதான், தான் எந்தப் பாடத்திட்டத்தை நடத்திக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

4

முடிவு ஒன்று: அவர் ஆதரவாகக் கையைத் தூக்குகிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள். (அக்கா: "சினிமா.")

முடிவு இரண்டு: "ஒரு நாள் கூத்தை வச்சு பாடத்திட்டம் மாத்த முடியாதும்மா" என்று அவர் திரும்பி

(இதை முடிக்க மாட்டேன். அவரை அந்த அறைக்குள் கூட்டிவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.)

என் கடைசி வரி இது: துறைத்தலைவர் கையுறை மாட்டிக்கொண்டு மாணவியின் பக்கத்தில் போய் நின்றார்.

வாக்கெடுப்பை நீங்கள் நடத்துங்கள். ரொம்ப யோசிக்காதீர்கள். அக்கா இன்னும் வாயைத் திறந்தபடிதான் இருக்கிறாள், தாடை வலிக்கும்.