சார்ட்ட கேட்டுட்டோம் மேடம்

பட்டனை அழுத்தியதும் காரின் கூரை ஒரு சாண் எழும்பி அப்படியே நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினாள். வண்டிதான் பீப் பீப் என்று கத்தியது, கூரை அசையவில்லை.

தென்னூரில் அந்தக் கார் ஆடியோ கடை வாசலில், வெயில் ஏறுவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று வந்திருந்தாள் மகாலட்சுமி. ஒரு வாரம் வண்டி இல்லாமல் பஸ்ஸில் போய்வந்தவள். கூரையைத் திறந்துவிட்டு, புது ஸ்பீக்கரில் ஒரு பாட்டைப் போட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டே துவாக்குடி போகலாம் என்று மனசுக்குள் வழியெல்லாம் போட்டு வைத்திருந்தாள்.

"ஏங்க, கூரை ஏன் திறக்க மாட்டேங்குது?"

கடைக்காரர் ராமர் கவுண்டரிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். "அது ஒண்ணுமில்ல மேடம். டிக்கில பாக்ஸ் இருக்குல்ல, கூரை உள்ள எறங்க எடமில்ல. மத்தபடி வண்டி இப்ப அதிரும் பாருங்க."

"என்ன பாக்ஸ்?"

ராமர் சிரித்துக்கொண்டே வந்து டிக்கியைத் திறந்தார். உள்ளே அடைத்துக்கொண்டு கறுப்பு கார்ப்பெட் சுற்றிய ஒரு பெரிய மரப்பெட்டி. நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, டம் டம் என்று அடிக்கிற வூஃபர் ஸ்பீக்கர். அதைச் சுற்றி ஊதா விளக்கு வளையம் வேறு.

அந்த வண்டி இரண்டே பேர் உட்காருகிற ஸ்போர்ட்ஸ் கார். அதன் அழகே அந்தக் கூரையில்தான் இருந்தது. பட்டனை அழுத்தினால் இரண்டாக மடிந்து, பின்னால் நகர்ந்து, டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கோயம்புத்தூர் டாக்டர் ஒருவரிடமிருந்து பழைய வண்டியாக மகாலட்சுமி அதை வாங்கியபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: வளவனுக்கு எதுக்கு இந்த வயசில் இப்படி ஒரு வண்டி? வளவன் அவள் கணவர், வங்கியில் மேலாளர். அவருக்கு ஸ்கூட்டரே போதும். வண்டி தன்னுடையது, தான் ஓட்டுவதற்காக வாங்கியது என்று அவள் எத்தனையோ பேருக்கு விளக்கிச் சொல்லிச் சலித்திருந்தாள்.

துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்து கொடுக்கிற பட்டறை அவளுடையது. காலையில் போனால் சாயங்காலம் வரை கிரைண்டர் சத்தம், தகட்டில் சுத்தி விழுகிற சத்தம், ஓவர்ஹெட் கிரேன் ஓடுகிற சத்தம். அங்கிருந்து ஸ்ரீரங்கம் வீட்டுக்குத் திரும்புகிற அந்த ஒரு மணி நேரம் காதுக்கு ஏதாவது நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வண்டியோடு வந்த ரேடியோ என்றைக்கோ செத்துப்போயிருந்தது. அதனால்தான் ராமர் கடைக்கு வந்தாள். என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகவே சொன்னாள். முன்னால் ஒரு நல்ல செட். கதவுகளில் ஏற்கெனவே ஸ்பீக்கர் இருக்கிற இடத்திலேயே அதே அளவில் இரண்டு ஸ்பீக்கர். சீட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு ஆம்ப்ளிஃபையர். வூஃபர் வேண்டாம். எங்கேயும் எதையும் வெட்டக் கூடாது. அதிகச் சத்தம் வேண்டாம், குரலும் தம்புராவும் தனித்தனியாகக் கேட்டால் போதும்.

அன்றைக்கு அவளைத் திரும்பக் கூட்டிப்போக வளவன் ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்றிருந்தார். அவள் பேசப் பேச, ராமரின் பார்வை அவள் தோளைத் தாண்டி அவரிடமே போய்க்கொண்டிருந்தது. "பண்ணிடலாம் சார்," என்றார் ராமர். சொன்னது என்னவோ அவள். கிளம்பும்போது, "சார் நம்பர் குடுங்க, ரெடியானா போன் பண்றேன்," என்றார். அவள் தன் நம்பரைக் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் நின்று வளவன் தன் கார்டையும் நீட்டியதை அவள் அப்போது பார்க்கவில்லை.

இப்போது டிக்கியை விட்டுவிட்டு முன்பக்கம் ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள். கதவின் உள்பக்கம் இருந்த டோர் பேட், கையைச் சாய்த்துவைக்கிற அந்தக் கறுப்புப் பலகை, கீழே வட்டமாக அறுக்கப்பட்டிருந்தது. பழைய அளவைவிடப் பெரிய ஸ்பீக்கர் அதில் துருத்திக்கொண்டு நின்றது. இன்னொரு கதவிலும் அப்படியே.

"வெட்டிட்டீங்களா?" அவள் அறுத்த ஓரத்தை விரலால் தடவினாள். "வெட்டக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம். ஆனா நீங்க சொன்ன மாதிரி போட்டா இந்த வண்டிக்கு எடுக்காது. ஸ்போர்ட்ஸ் கார்ல வூஃபர் இல்லேன்னா நம்ம கடை பேரு என்னாகுறது? அதான் எதுக்கும் ஒரு வார்த்தைன்னு சார்ட்ட கேட்டுட்டோம் மேடம்."

"எந்த சார்ட்ட?"

"நம்ம சார்ட்டதான். வீட்டு சார்."

அவள் அங்கேயே நின்றபடி வளவனுக்குப் போன் போட்டாள். எடுத்ததும் அவர் குரலில் சந்தோஷம்.

"வண்டிய எடுத்துட்டியா? எப்படி இருக்கு? நான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..."

"இவரு உங்களுக்குப் போன் பண்ணாரா?"

"ஆமா. மேடம் சொன்னது சின்னதா இருக்கு, கொஞ்சம் பெருசா போட்டா நல்லா இருக்கும்னாரு. எனக்கு என்ன தெரியும் மகா, நீங்களே பார்த்து நல்லா பண்ணுங்கன்னு சொன்னேன். ஏன், நல்லா இல்லையா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

ராமர் அதற்குள், ஒரு தடவை கேட்டால் சமாதானமாகிவிடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ, வண்டிக்குள் கையை விட்டு சத்தத்தைத் திருகிவிட்டார். டம் டம் என்று எழுந்த அடியில் கடைக் கண்ணாடிக் கதவு நடுங்கியது. எதிர் டீக்கடையில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டில் யார் பாடுகிறார்கள், ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. தன் பட்டறையில் பெரிய பிரஸ் மெஷின் தகட்டை அடிக்கிற சத்தம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அதிலிருந்து தப்பிக்கத்தானே இவ்வளவும்!

"நிறுத்துங்க."

ராமர் நிறுத்தினார். "லேடீஸ்க்கு பேஸ் அவ்வளவா புடிக்காது மேடம். ரெண்டு நாள் ஓட்டுங்க, பழகிடும்."

"கழட்டுங்க. எல்லாத்தையும் கழட்டுங்க. நான் என்ன கேட்டேனோ அதை மாட்டுங்க."

"மேடம், இது கழட்டி மாட்டுற வேலையா? நாளைக்குக் கல்யாண பார்ட்டி வண்டி ஒண்ணு வருது..."

மகாலட்சுமி காரைப் பூட்டினாள். சாவியைக் கைப்பையில் போட்டாள். வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, வேலை பார்க்கிற இடத்துக்கு நேர் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். அவளுடைய வண்டி நிற்கிற வரைக்கும் வேறு வண்டி உள்ளே வர முடியாது. பட்டறைக்குப் போன் செய்து இன்றைக்கு வரத் தாமதமாகும் என்று சொன்னாள்.

ராமர் கெஞ்சிப் பார்த்தார். காபி வரவழைத்தார். காபி ஆறிக்கொண்டு கிடந்தது. கடையில் வயரிங் பார்க்கிற தாஹா, நாற்பது வயசிருக்கும், மெதுவாக அவள் பக்கம் வந்து நின்றான். "நான் அப்பவே அண்ணன்ட்ட சொன்னேங்க. மேடம் வேணாம்னு சொன்னாங்களே, வெட்டுனா திரும்ப ஒட்ட முடியாதேன்னு. சார் ஓகே சொல்லிட்டாரு, நீ வெட்டுன்னாரு." அவன் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் எரிந்தது. அப்படியென்றால் அவள் சொன்னது இங்கே எல்லோருக்கும் காதில் விழத்தான் செய்திருக்கிறது.

"பாக்ஸை எடுத்துடலாம். ஆம்பை மாத்திடலாம்," என்றார் ராமர், ஒருவழியாக இறங்கி வந்து. "ஆனா அந்த டோர் பேட் எனக்கு எங்கேயும் கெடைக்காது மேடம். பழைய வண்டி. உங்களுக்குத்தான் துவாக்குடில பட்டறை இருக்கே. ஒரு தகடு வெட்டி, மேல ரெக்சின் ஒட்டிட்டா முடிஞ்சுது. உங்க ஆளுங்களுக்கு அரை நாள் வேலை."

அவள் எழுந்துவிட்டாள். "வெட்டுனது நீங்க. ஒட்டுறது என் ஆளுங்களா? என்கிட்ட ஒருத்தர் ஒரு அளவு குடுத்து, நான் வேற அளவுல வெட்டி அனுப்பிட்டு, அவங்க வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டுட்டேன்னு சொன்னா என் பட்டறையில ஒரு நாள் வெளக்கு எரியுமா? சொல்லுங்க. எரியுமா?"

டீக்கடையிலிருந்து இரண்டு பேர் கிளாஸோடு இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வளவன் வந்து சேர்ந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தபடி ராமரைப் பார்த்து, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டார். ராமரும் அவரிடமே சொல்லத் தொடங்கினார். "ஒண்ணுமில்ல சார், மேடம் கொஞ்சம் கோவமா இருக்காங்க..."

"நான் இங்கதான் இருக்கேன்," என்றாள் மகாலட்சுமி.

வளவன் அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "மகா, எல்லாரும் பாக்குறாங்க. வீட்டுக்குப் போயி பேசிக்கலாம். நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னேன். உனக்குப் புடிக்கும்னு நெனச்சேன்."

"எனக்கு என்ன புடிக்கும்னு இவருகிட்ட நானே சொல்லியாச்சு. நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"கேட்டேன். ஆனா அவரு இதுலயே இருக்குறவரு, போன்ல அடிச்சு சொன்னாரு. நான் என்ன சொல்றது?"

"அவங்ககிட்டயே கேளுங்கன்னு சொல்றது. அவ்வளவுதான். நாலு வார்த்தைகூட இல்ல."

வளவன் கைக்குட்டையால் மறுபடி நெற்றியைத் துடைத்தார்.

அழுதால் இங்கே எல்லாம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். "பட்டறைக்கு இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவனெல்லாம் என்னைத் தாண்டி எட்டிப் பாத்து 'சார் இல்லையா'ன்னு கேக்குறான். அதை நான் வீட்டுல வந்து சொல்லும்போதெல்லாம் நீங்க என்னைவிட அதிகமா கோவப்பட்டிருக்கீங்க. நான் உங்ககிட்ட வந்து சொன்னதே அதுக்குத்தான். அவங்க தேடுற அந்த சார் இன்னிக்கு நீங்க."

தாஹா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு டிக்கிப் பக்கம் போனான். ராமர் அவனைத் தடுக்கவில்லை. மகாலட்சுமி சாவியைக் கொடுத்தாள். வளவன் சுற்றிலும் பார்த்தார். உட்கார இன்னொரு நாற்காலி அங்கே இல்லை. பிறகு வங்கிக்குப் போய்விட்டார்.

பெட்டி அன்றைக்கே வெளியே வந்தது. ஊதா விளக்கும் வந்தது. கூரை ஒரு முனகலும் இல்லாமல் மடிந்து டிக்கிக்குள் இறங்கியது. ஆனால் கதவுகள் சிதைந்துதான் கிடந்தன. அந்த மாதிரி வண்டியை அவள் வீட்டுக்கு எடுத்துப்போக மறுத்துவிட்டாள். சரியாகிற வரைக்கும் கடையிலேயே நிற்கட்டும், இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

அந்த நாட்களில் வீட்டில் சமையல் நடந்தது, பேச்சும் நடந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது, தண்ணீர் வரவில்லை என்கிற அளவுக்கு. ஒருநாள் சாயங்காலம் வளவன் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார். "இன்னிக்கு நானே ராமர் கடைக்குப் போனேன். அன்னிக்கு நான் சொன்னது தப்பு, இனிமே எதுன்னாலும் மேடம்கிட்டதான் கேக்கணும்னு கண்டிச்சு சொல்லிட்டு வந்துட்டேன்."

மகாலட்சுமி கையிலிருந்த கரண்டியை மேடையில் வைத்தாள். "அதையும் நீங்க போயி சொன்னாத்தான் அவருக்கு ஏறுமா?"

அவர் முகம் விழுந்துவிட்டது. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. வெகுநேரம் கழித்து அவர் சமையலறை வாசலில் வந்து நின்று, "போயிருக்கக் கூடாது," என்றார். "மொதல்ல கார்டையே குடுத்திருக்கக் கூடாது." அதற்கு அவள், "ஆமா," என்றாள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு இருவருக்கும் கொஞ்சம் மூச்சு விட்டது போலிருந்தது.

ராமர் சென்னையில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் சொல்லிவைத்து ஒரு ஜோடி டோர் பேட் வரவழைத்தார். அது சாம்பல் நிறம். சாயம் அடித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றாள். இரண்டாவது தடவை வந்ததில் ஒன்று கீறியிருந்தது. அதையும் வேண்டாம் என்றாள். "மேடம், நீங்க ரொம்ப பாக்குறீங்க," என்று ராமர் புலம்பினார். பார்க்கத்தான் செய்வேன், என் வண்டி என்றாள். மூன்றாவது ஜோடி கறுப்பு. அச்சு அசலாக அதேதான்.

அதையும் அவள் கேட்ட அளவு ஸ்பீக்கர்களையும் மாட்டி முடித்ததும் தாஹாதான் கூப்பிட்டான். "வந்து கேட்டுப் பாருங்க மேடம். புடிக்கலேன்னா சொல்லுங்க, மாத்துறேன்." அவள் போனாள். ஓட்டுநர் சீட்டில் அவள் உட்கார, தாஹா வெளியே நின்று கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தான். "குரல் மேல வரணுமா?" "கொஞ்சம்." "இப்ப?" "இப்ப சரி." ராமர் கவுண்டரிலேயே இருந்தார். அவள் கிளம்பும்போது எழுந்து வந்து, வேறெங்கோ பார்த்தபடி, "தப்புதான் மேடம்," என்றார். எது தப்பு என்று அவர் சொல்லவில்லை. அவளும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்று விடுகிற விஷயம் இல்லையே.

காவிரிப் பாலத்தில் வழக்கம்போல நெரிசல். முன்னால் ஒரு தனியார் பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கூரையை மூடி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாட்டைப் போட்டாள். ஒரு பெண் குரல், அதற்கடியில் ஓயாமல் இழைகிற தம்புரா. ஒவ்வொரு தந்தியும் தனியாகக் கேட்டது. இதைத்தான், இவ்வளவைத்தான், அவள் முதல் நாளே கேட்டாள். அதை நினைத்ததும் கோபம் மறுபடி குபீரென்று ஏறியது. பாட்டு நன்றாக இருந்தது, கோபமும் அப்படியே இருந்தது. கோபத்தை அடக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பஸ் ஒரு அடி நகர்ந்தது. அவளும் ஒரு அடி நகர்ந்தாள்.